எலெக்டிவ் லிஸ்ட் வந்தாச்சு, எதைப் போடுவது?

போன மாதம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு மேல் ஒரு ஜூனியர் போன் பண்ணினாள். "அக்கா, எலெக்டிவ் லிஸ்ட் குரூப்ல போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்ம் கொடுக்கணும். கார்டியாலஜி போடட்டுமா, கேஷுவாலிட்டி போடட்டுமா?" எலெக்டிவ் என்றால் எம்.பி.பி.எஸ். மாணவர் லிஸ்டிலிருந்து தானே தேர்ந்தெடுத்துச் சில நாள் போய்க் கற்கும் துறை. கேஷுவாலிட்டி என்பது அவசர சிகிச்சைப் பிரிவு. அப்போதுதான் டியூட்டி முடித்து ஹாஸ்டலுக்கு நடந்துகொண்டிருந்தேன். கார்டியாலஜி என்றதும் சிரித்துவிட்டேன். நானும் அதையே போட்டு, 15 நாளைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே கழித்தவள்.

அவளிடம் அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்போது சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது படிப்பு முடிந்து செய்யும் இன்டர்ன்ஷிப், ஹவுஸ் சர்ஜன் வருடம், பண்ணிக்கொண்டிருக்கிறேன். எலெக்டிவில் பார்த்தது எது கைகொடுக்கிறது, எது கொடுக்கவில்லை என்பது தினமும் வார்டிலேயே தெரிந்துவிடுகிறது.

முதலில் விதி. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது எலெக்டிவைக் கட்டாயமாக்கினார்கள். படிப்பின் கடைசிக் கட்டத்தில் பார்ட் 1 பரீட்சை முடிந்து பார்ட் 2 வகுப்பு தொடங்குவதற்கு முன் வருகிறது. ஆரம்பத்தில் இரண்டு மாதம் என்று இருந்தது. அப்புறம் ஒரு மாதமாகச் சுருங்கி, இரண்டு பிளாக், பிளாக்குக்கு 15 நாள் என்று ஆகிவிட்டது. முதல் பிளாக் பிரீகிளினிக்கல் அல்லது பாராகிளினிக்கல் துறையில் (பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி மாதிரி), லேபில், இல்லையென்றால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியில். இரண்டாவது பிளாக் கிளினிக்கல் துறைகளில். சூப்பர் ஸ்பெஷாலிட்டி, ஐ.சி.யூ., பிளட் பேங்க், கேஷுவாலிட்டி எல்லாம் இதில் அடக்கம். கிராமத்திலோ நகரத்திலோ ஒரு சமுதாய கிளினிக்கில் கைடு ஒருவரின் மேற்பார்வையிலும் செய்யலாம். 75 சதவீத அட்டென்டன்ஸ், எழுதி முடித்த லாக் புக் இரண்டும் இல்லாமல் ஃபைனல் பரீட்சைக்கு உட்கார முடியாது. வேறு போஸ்டிங்கில் விழுந்த ஓட்டையை இந்த நாட்களை வைத்து அடைக்கக் கூடாது என்றும் விதியில் எழுதியிருக்கிறது.

எந்தத் துறை, எத்தனை சீட், யார் கைடு என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். "அப்புறம் இதில் நமக்கென்று வடிவமைக்க என்ன இருக்கு?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். துறையை வடிவமைக்க முடியாது, உண்மைதான். ஆனால் எந்தக் கேள்வியோடு உள்ளே போகிறோம், இரண்டு பிளாக்கையும் எப்படிக் கோர்க்கிறோம் என்பது முழுக்க நம் கையில். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கார்டியாலஜி போட்டதற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், பெயர்தான். வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது. இதய ரத்தக்குழாய்க்குள் டியூப் விட்டுப் பார்க்கும் கேத் லேபில் ஆஞ்சியோ பார்க்கலாம், ஸ்டென்ட் வைப்பதைப் பார்க்கலாம் என்று போனேன். பார்த்தேன். முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான்காம் நாள் எல்லாக் கேஸும் ஒரே மாதிரி இருந்தன. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் லெட் ஏப்ரன், அங்கே மேற்படிப்புப் படிக்கும் டி.எம். மாணவர்களுக்கே பற்றாக்குறை, அதனால் நாங்கள் நான்கு பேர் மானிட்டர் அறையிலேயே நின்றோம். சாருக்கு எங்கள் பெயர் கடைசிவரை தெரியாது. அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். மாரடைப்புக் கேஸ் ஆஸ்பத்திரிக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் ரத்தக்குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருப்பவரிடம் போய், ஒரு ரத்தக்குழாயைக் காட்டி, "சார், இது எல்.ஏ.டி.யா?" என்று கேட்க முடியுமா?

ஒன்பதாம் நாள் கால் வலித்து, உட்கார இடம் தேடி இ.சி.ஜி. அறைக்குள் போனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் அக்கா ஒரு தாளை நீட்டி, "இதுல என்ன தப்பு, சொல்லு" என்றார். முதலாம் லீட் தலைகீழாகக் கிடந்தது, வழக்கமாகத் தலைகீழாக இருக்கும் ஏ.வி.ஆர். லீட் நிமிர்ந்து நின்றது. டெக்ஸ்ட்ரோகார்டியா, அதாவது இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். "செஸ்ட் லீட்ல ஆர் வேவ் ஒழுங்கா வளருது பாரு. இதயம் இருக்கற இடத்துலதான் இருக்கு. கை வயர் ரெண்டும் மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தார். மீதி ஆறு நாளும் காலையில் இரண்டு மணி நேரம் அந்த அறையிலேயே இருந்தேன். இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் இ.சி.ஜி. எடுக்கும்போது எனக்கு உதவுவது அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான். கேத் லேபில் பார்த்த ஆஞ்சியோ ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஆகவே சூப்பர் ஸ்பெஷாலிட்டி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெஃப்ராலஜி போட்ட என் ரூம்மேட் டயாலிசிஸ் யூனிட்டில் நன்றாகவே கற்றுக்கொண்டாள். அங்கே ஒரு நோயாளி நான்கு மணி நேரம் படுத்திருப்பார், பேச அவருக்கும் நேரம் இருக்கும், கேட்க நமக்கும் நேரம் இருக்கும். வித்தியாசம் துறையின் பெரிய பெயரில் இல்லை. வேலையின் வேகத்தில் இருக்கிறது. மாணவனுக்குக் கை நீட்ட இடம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. லிஸ்டைப் பார்க்கும்போது துறையின் பெயரைப் படிப்பதை விட்டுவிட்டு, "அங்கே காலை பத்து மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் "நின்றுகொண்டிருப்பேன்" என்றால், அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

இந்த இடத்தில் சீனியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் எப்படியும் கிடைக்கப்போவதை எலெக்டிவில் வீணாக்காதே என்பார்கள். இப்போதைய விதிப்படி இன்டர்ன்ஷிப்பில் கம்யூனிட்டி மெடிசின் மட்டும் 12 வாரம், கேஷுவாலிட்டி இரண்டு வாரம். அதனால் அவை இரண்டையும் விட்டுவிட்டு, அப்புறம் கிடைக்காத இடத்துக்குப் போ என்பது அவர்கள் வாதம். பாதி சரி.

சரியான பாதிக்கு உதாரணம் பிளட் பேங்க். எங்கள் செட்டில் அதை ஒரே ஒருத்தன்தான் போட்டான், அதுவும் வேறு எங்கும் சீட் கிடைக்காமல். நாங்கள் கிண்டல் பண்ணினோம். இப்போது ரத்தம் ஏற்றும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் அவனுக்குத்தான் போன் போகிறது. பிளேட்லெட் பையை ஏன் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஏன் 22 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஏன் ஐந்து நாளில் தூக்கிப்போடுகிறார்கள் என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். சிவப்பணுப் பையை வெளியே எடுத்து அரை மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைத்துவிட்டு, "கேஸ் தள்ளிப்போச்சு, திருப்பி எடுத்துக்கோங்க" என்று கொண்டுபோனால் கவுன்ட்டரில் ஏன் திட்டுகிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஹவுஸ் சர்ஜனுக்குப் பிளட் பேங்கோடு இருக்கும் உறவு முழுக்க அந்தக் கவுன்ட்டர் ஜன்னல்தான். சாம்பிளும் ரிக்வெஸ்ட் ஃபார்மும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்போம். அவன் 15 நாள் அந்தப் பக்கம் இருந்தவன். தவறான ரத்தம் ஏறுவதற்கு வழி வகுப்பது பெரும்பாலும் லேப் இல்லை, படுக்கைப் பக்கத்தில் டியூபில் தப்பான பெயர் எழுதும் நாம்தான் என்று அவன் அடிக்கடி சொல்வான். சாம்பிள் எடுத்த இடத்திலேயே, நோயாளியிடம் பெயர் கேட்டு, லேபிள் எழுதிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வான். அவனைப் பார்த்து இப்போது எங்கள் யூனிட்டில் எல்லோரும் அப்படித்தான்.

சரியில்லாத பாதி கேஷுவாலிட்டி. இன்டர்ன்ஷிப்பில் வருகிறதே என்று அதை ஒதுக்கினேன். போன மாதம் அந்த இரண்டு வாரமும் முடிந்தது. என்ன கற்றேன் என்று கேட்டால், வேகமாக லைன் போடக் கற்றேன், விபத்துக் கேஸ்களைப் பதியும் ஏ.ஆர். புக்கில் எழுதக் கற்றேன், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓடக் கற்றேன். தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக் கேஸுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இவற்றால் கேஷுவாலிட்டியில் கூட்டமும் வேலையும் எப்படி ஓடுகின்றன என்று நிதானமாகப் பார்க்க ஹவுஸ் சர்ஜனுக்கு நேரமே இல்லை. சிவப்புப் பகுதிக்குள் வந்த ஒருவர் அப்புறம் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள மேலே போனால், கீழே நம் பெயரைக் கத்துவார்கள். மாணவராகப் போனால் இந்தக் கயிறு கிடையாது. ஒரே நோயாளியைப் பிடித்துக்கொண்டு, கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. என்று பின்னாலேயே போகலாம். அதே இடம்தான், வேறு இருக்கை. அதனால் "இன்டர்ன்ஷிப்பில் வருமா?" என்பதோடு "வரும்போது எனக்கு யோசிக்க நேரம் இருக்குமா?" என்பதையும் கேட்க வேண்டும்.

கம்யூனிட்டி கிளினிக் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 12 வாரம் எப்படியும் போகப்போகிறோம், அங்கே நேரமும் இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமில்லாமல் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே போகின்றன. உங்கள் கல்லூரி அந்த வீட்டு விசிட்டோடு சேர்த்து எலெக்டிவ் தருகிறது என்றால், யோசிக்காமல் போடுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் முதுகுப் புண்ணை வார்டில் பார்ப்பதும், அவர் வீட்டுக் கட்டிலில் பார்ப்பதும் ஒன்றில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் நாம் எழுதும் "பொசிஷன் சேஞ்ச் எவ்ரி டூ அவர்ஸ்" என்ற வரியை, பகலெல்லாம் வேலைக்குப் போகும் மருமகள் எப்படிச் செய்வாள் என்று அங்கேதான் உறைக்கும்.

ஆராய்ச்சி பிளாக். இதில்தான் கெட்டிக்காரப் பசங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 15 நாளில் ஒரு ஸ்டடி பண்ணி பேப்பர் போட்டுவிடலாம் என்று போகிறார்கள். பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி எண்ணுவதற்குக்கூட எத்திக்ஸ் கமிட்டி வேண்டும். கமிட்டி கூடும் தேதிக்குக் காத்திருப்பதிலேயே பிளாக் முடிந்துவிடும். விதியில் 'நடந்துகொண்டிருக்கும்' ஆராய்ச்சி என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. ஏற்கெனவே அனுமதி வாங்கி, பாதி டேட்டா சேர்த்திருக்கும் ஒரு பி.ஜி.யின் (மேற்படிப்பு மாணவரின்) தீசிஸில் போய் உட்கார்ந்தால் 15 நாளிலும் ஏதோ ஒரு துண்டு வேலை முழுசாகக் கைக்கு வரும். சொந்தமாக ஒரு ஸ்டடி செய்யத்தான் ஆசை என்றால் அதற்கான வழி, மாணவர்களுக்கான ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆராய்ச்சித் திட்டமான எஸ்.டி.எஸ். 1979-இலிருந்து நடக்கிறது, அதில் கிடைப்பது இரண்டு மாதம். எலெக்டிவை அந்த வேலைக்கு இழுத்தால் இரண்டும் கெடும்.

அடுத்தது, யாரும் ஃபார்மில் எழுதாத, ஆனால் பாதிப் பேர் மனதில் இருக்கும் தேர்வு: எந்தத் துறையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்களோ அங்கே போய்விட்டு, ரூமில் உட்கார்ந்து மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பது. இதை நான் கேவலமாகப் பேசப்போவதில்லை. 200 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்ற ஒரு பரீட்சைதான் நம் தலையெழுத்தை எழுதுகிறது எனும்போது, பயம் நியாயமானதே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. எலெக்டிவ் முடிந்து பார்ட் 2 ஒரு வருடத்துக்கு மேல், அப்புறம் இன்டர்ன்ஷிப் 12 மாதம். இன்று ராப்பகலாகப் படித்த 15 நாள் பாடம், இரண்டு வருடம் கழித்து எத்தனை கேள்விக்கு மிஞ்சும்? எங்கள் செட்டில் அப்படி ரூமில் உட்கார்ந்தவர்கள் பத்தாவது நாளில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு முறை அந்த ரூமுக்குப் போனேன்.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ் மாணவராக இருக்கும்வரைதான். பட்டம் வாங்கிய பிறகு போனால் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப், அதாவது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. அந்த எலெக்டிவ்கள் வழக்கமாக நான்கு வாரம் ஓடுபவை, நம் 15 நாள் சட்டையில் அவை நுழையாது. கல்லூரியின் அனுமதி, தேதி எல்லாவற்றையும் ஒரு வருடம் முன்பே பேசியிருக்க வேண்டும். லிஸ்ட் வந்த பிறகு யோசிப்பவர்களுக்கு அந்தப் பஸ் போய்விட்டது.

இரண்டு பிளாக்கையும் ஒரே நூலில் கோர்ப்பது

சரி, நான் திரும்ப எலெக்டிவ் போடுவதாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஜூனியர் கேட்டாள். துறையைத் தேடாமல் ஒரு நோயைத் தேடுவேன் என்றேன். முதல் பிளாக்கை லேபிலும் இரண்டாவதை வார்டிலும் வைத்து, இரண்டிலும் அதே நோயைத் துரத்துவேன். எல்லோரும் முதல் பிளாக்கை ஒரு சடங்காகவும் இரண்டாவதைக் கொண்டாட்டமாகவும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் பயோகெமிஸ்ட்ரி ஒரு பக்கம், பிளாஸ்டிக் சர்ஜரி ஒரு பக்கம் என்று போடுகிறார்கள். 15 நாள், 15 நாள் என்று தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குட்டை. சேர்த்தால் ஒரு மாதம்.

அவளுக்குக் கேஷுவாலிட்டி ஆசை இருந்ததால் பாம்புக்கடியை எடுத்துப் பேசினோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு 2020-இல் வெளியானது. நம் ஊர் கேஷுவாலிட்டியில், மழைக்காலத்தில் குறிப்பாக, இது அரிய கேஸே இல்லை. எல்லாத் துறையையும் தொடும் நோயும்கூட. கட்டுவிரியன் கடித்தால் மூச்சு நின்று ஐ.சி.யூ.வுக்குப் போகும். கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போய், சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்குப் போகும். நல்ல பாம்பு கடித்த இடம் அழுகினால் சர்ஜரிக்குப் போகும்.

இதை ஒரே எலெக்டிவாக ஆக்கப் பார்த்தால் முதல் ஆசை என்ன வரும்? கேஷுவாலிட்டியில் நான்கு நாள், ஐ.சி.யூ.வில் நான்கு நாள், டயாலிசிஸில் மூன்று நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு நாள் என்று அட்டவணை போடத் தோன்றும். பேப்பரில் அழகாக இருக்கும். நடைமுறையில் எந்த இடத்திலும் நாம் யார் என்று தெரிவதற்குள் கிளம்பிவிடுவோம். அட்டென்டன்ஸ் கையெழுத்துக்கு நான்கு துறைக்கு அலைவோம். "நீ எங்க யூனிட் இல்லையே" என்பதை நான்கு தடவை கேட்போம். இப்படி நான்காகப் பிய்ப்பதைவிட ஒரே துறையில் ஒரே கைடிடம் இருந்துகொண்டு, நோயாளி போகும் இடத்துக்கு அவர் கூடவே போய்விட்டுத் திரும்புவது நல்லது. அனுமதி ஒன்று, கையெழுத்து ஒன்று, கதவுகள் நான்கு.

முதல் பிளாக்குக்கு அவள் லிஸ்டில் பேத்தாலஜியும் ஃபார்மகாலஜியும் இருந்தன. ஃபார்மகாலஜியும் நல்ல யோசனைதான். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் சேர்த்துக் குதிரையிலிருந்து எடுப்பது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இந்தப் பக்கத்துப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, வேறு மாநிலத்துப் பாம்புக்கு ஏன் அதே அளவு வேலை செய்வதில்லை என்று துரத்தினால் 15 நாள் போதாது. ஆனாலும் பேத்தாலஜியையே போடச் சொன்னேன். காரணம் ஒரு கண்ணாடி டியூப்.

பாம்புக்கடி கேஸ் வந்தால் முதலில் செய்யும் சோதனை இது: சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் அப்படியே வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்க்க வேண்டும். ரத்தம் தண்ணீர் மாதிரி வழிந்தால் உறையும் சக்தி போய்விட்டது, விரியன் வகையாக இருக்கலாம், மருந்து தொடங்கு. மருந்து கொடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதையே திருப்பிச் செய்ய வேண்டும். பாடப் புத்தகத்தில் நான்கு வரி. வைவாவில் எல்லோரும் ஒப்பிப்போம்.

என் கேஷுவாலிட்டி போஸ்டிங்கில் ஓர் இரவு, கால் விரலில் கடிபட்ட ஒருவருக்கு இதைச் செய்தேன். மூலையில் பவுச்சில் இருந்த டியூபை எடுத்தேன், ரத்தத்தை விட்டேன், மணியைப் பார்த்தேன், சாய்த்தேன். வழிந்தது. மருந்துக்கு ஓடப் போன என்னை நைட் டியூட்டி பி.ஜி. நிறுத்தினார். டியூபை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இது பிளாஸ்டிக். இதுல நல்ல ரத்தமும் லேசுல உறையாது. போ, கண்ணாடி எடுத்துட்டு வா." அலமாரியில் கண்ணாடி டியூப் இருந்தது, ஆனால் யாரோ சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தவை. அதுவும் ஆகாது. கண்ணாடிச் சுவர்தான் உறைதலைத் தூண்டிவிடுகிறது, சோப்புப் படிந்தால் அந்தத் தூண்டல் போய்விடும். லேபுக்கு ஓடிப் புது டியூப் வாங்கி வந்து மறுபடி 20 நிமிடம். இந்தத் தடவை ஜெல்லி மாதிரி நின்றது. உறையும் சக்தி போகவில்லை. முதல் டியூபை நம்பியிருந்தால், தேவையே இல்லாத ஒருவருக்குப் பத்துக் குப்பி குதிரைப் புரதம் ஏற்றி, அலர்ஜியில் பிரஷர் விழுந்து, எல்லோரையும் எழுப்பியிருப்போம்.

இந்த ஒரு விஷயம் லேபையும் கேஷுவாலிட்டியையும் கட்டிப்போடும். பேத்தாலஜியில் 15 நாள் இருந்து, உறைதல் சோதனைகள் எப்படி நடக்கின்றன, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பி.டி., ஐ.என்.ஆர். ரிசல்ட் ஏன் தாமதமாக வருகிறது, டியூப் ஏன் முக்கியம் என்று கையால் செய்து பார்த்துவிட்டு கேஷுவாலிட்டிக்குப் போனால், அவள் வெறும் வேடிக்கை பார்ப்பவளாகப் போக மாட்டாள். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும். மாணவரை ஒரு யூனிட் உள்ளே சேர்த்துக்கொள்வது அப்படித்தான்.

பாம்பில் ஆர்வமில்லாதவர்களுக்கு, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணும் இதே மாதிரி அமையும். முதல் பிளாக் மைக்ரோபயாலஜி, இரண்டாவது ஜெனரல் சர்ஜரி. மேலோட்டமாகத் துடைத்த ஸ்வாபுக்கும் (பஞ்சுக் குச்சிக்கும்), புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து எடுத்த திசுவுக்கும் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும்போது, என்ன வித்தியாசம் வருகிறது என்று தட்டில் பார்த்தவர், வார்டில் ஸ்வாபைக் கையில் எடுக்கும்போது ஒரு நொடி யோசிப்பார்.

கைடைப் பார்க்கப் போவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கோட்டைவிட்டது அங்கேதான். ஃபார்ம் கொடுக்கும் முன்னால் கைடைப் போய்ப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனால் போதும். 'பாம்புக்கடி பற்றித் தெரிந்துகொள்வேன்' என்று எழுதினால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 'உறைதல் சோதனையைக் குறைந்தது பத்துத் தடவை மேற்பார்வையில் நானே செய்து, ஒவ்வொன்றையும் லேபின் ஐ.என்.ஆரோடு ஒப்பிட்டு லாக் புக்கில் எழுதுவேன்' என்று எழுதினால், உடனே அவர் கேள்வி கேட்கத் தொடங்குவார். மாதத்துக்கு எத்தனை கேஸ் வருகிறது தெரியுமா, பத்து வருமா, ராத்திரிதானே அதிகம் வரும், நீ ராத்திரி வருவாயா என்பார். அந்த ஐந்து நிமிட உரையாடலில் திட்டம் பாதி மாறிவிடும், மாறட்டும். கைடும் நம்மை எடைபோடுகிறார், நாமும் அவரை எடைபோடுகிறோம். "சார், யாரிடம் ரிப்போர்ட் பண்ணணும்?" என்று கேட்டதற்கு ஒரு பி.ஜி.யின் பெயரைச் சொல்லி, அவரைக் கூப்பிட்டு அறிமுகமும் செய்துவைத்தால் அது நல்ல இடம். "வாங்க, பாத்துக்கலாம்" என்று மட்டும் வந்தால், அந்த 15 நாளும் அப்படியேதான் போகும். பெரிய பெயரும் பரபரப்பும் உள்ள துறையில் "பாத்துக்கலாம்" கைடைவிட, யாரும் சீண்டாத துறையில் நம் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் கைடு பல மடங்கு மேல். துறையா, கைடா என்று வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கைடையே எடுப்பேன்.

ஜூனியர் வியாழக்கிழமை மதியம் ஒரு பக்கத்தோடு கேஷுவாலிட்டி மேமைப் போய்ப் பார்த்திருக்கிறாள். பத்துக் கேஸ் 15 நாளில் வராது, ஐந்து என்று மாற்று என்றாராம். மீதி ஐந்தை நல்ல ரத்தத்தில், கண்ணாடி டியூபிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து வித்தியாசத்தை எழுது, அதை லேபிலேயே முடித்துவிட்டு வா என்றும் சொல்லியிருக்கிறார். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை வாரம் மூன்று நாள் வரச் சம்மதித்திருக்கிறாள். நேற்று கேஷுவாலிட்டி அலமாரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கழுவிக் கவிழ்த்த டியூப்களைக் காணோம். அந்த இடத்தில் லேபிலிருந்து வாங்கி வந்த புது டியூப் பெட்டி, மேலே பிளாஸ்திரியில் பெரிய எழுத்தில்: 'பாம்புக்கடிக்கு மட்டும். கழுவாதீர்கள்.'